சாலைக்கு வராத வண்டிக்கும் ஒரு தாள் வேண்டும்

தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் உதிரிபாகங்களுக்கு லேத் வேலை செய்வதுதான் பிழைப்பு. அதோடு, பத்து வருடத்துக்கு மேலாக ஆஃப்ரோடு போட்டிகளுக்கு ஜீப்பும் மாருதி ஜிப்சியும் கட்டிக் கொடுக்கிறேன். சேற்றிலும் பாறையிலும் ஆற்றுப்படுகையிலும் நேரக் கணக்கு வைத்து வண்டியைக் கடத்திக் கொண்டுபோகிற போட்டிகள் இவை. சில இடங்களில் சக்கரம் உதவாது, வண்டியில் உள்ள வின்ச் என்ற கயிறு இழுக்கும் இயந்திரத்தின் கயிற்றை மரத்தில் கட்டித்தான் மேலே ஏற வேண்டும். மலேசியாவில் 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் 2014-இல் கோவாவுக்கு வந்தது. என்னிடம் வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு அந்த மழைக்காலப் போட்டியில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றியமைத்த வண்டியைச் சாலையில் ஓட்ட அனுமதி கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அதில் உங்கள் கண்டிப்பு சரி. ஏன் சரி என்று உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஜிப்சியின் கம்பெனி டயர் சுமார் 26 அங்குல உயரம். போட்டிக்கு நாங்கள் மாட்டுவது 33, சில நேரம் 35. டயர் 33 ஆனாலே ஒரு சுற்றுக்கு வண்டி போகிற தூரம் கால் பங்கு கூடிவிடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-ஐ ஒட்டிப் போகிறது. பிரேக் மட்டும் பழைய 26 அங்குல டயருக்குக் கணக்குப் போட்டு வைத்த அதே பிரேக். உயரமும் ஏறியிருக்கிறது. அந்த வண்டி அவிநாசி ரோட்டில் வேகமாக வந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்காகத் திடீரென்று நிற்க வேண்டிவந்தால் நிற்காது. அதைச் சாலையில் ஓட்டுகிறவர்களை நீங்கள் பிடித்தால் நான் அவர்கள் பக்கம் பேசமாட்டேன்.

நான் கேட்பது சாலைக்கே வராத வண்டியைப் பற்றி.

அப்படி ஒரு வண்டி எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பணக்காரப் பையன்களின் விளையாட்டாகத்தான் தெரிகிறது. எங்களிடம் வருபவை பெரும்பாலும் 15 வருடம் தாண்டிய ஜிப்சி, மஹிந்திராவின் எம்எம்540, பழைய மேஜர் ஜீப். ஜிப்சியில் லீஃப் ஸ்பிரிங் என்கிற பட்டை வில், சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலுக்குக் கீழே தொங்கும். அதை எடுத்து ஆக்சிலுக்கு மேலே வைத்தால் வண்டி நாலைந்து அங்குலம் உயரும். பாறையில் வயிறு தட்டாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஸ்பிரிங் மேலே போனதும் ஆக்சில் அதைத் திருக ஆரம்பிக்கும். லோ கியரில் முழு இழுவையும் வரும்போது ஸ்பிரிங் பாம்பு மாதிரி வளையும், எஞ்சின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும், ஜாயின்ட் உடையும். அந்தத் திருகு விசையைத் தாங்க ஒரு டார்க் கம்பி கொடுக்க வேண்டும். ஸ்டீயரிங் ராடு கோணம் மாறும், அதை மறுபடி நேராக்க வேண்டும். பிரேக் எண்ணெய் போகிற ஹோஸ் நீளம் போதாது. இந்தக் கடைசி விஷயத்தைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஒரு சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது ஹோஸ் இழுபட்டு அறுந்தால், சரிவின் நடுவில் பிரேக்கே இருக்காது. ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டிய வேலை இது. பெரிய டயர் போட்டதால் இழந்த இழுவையை, முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் மாற்றித் திரும்ப எடுக்கிறோம். எடுத்த இழுவை போய் ஆக்சில் ஷாஃப்டை முறிக்கும். அதையும் பலப்படுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ரோல் கேஜ். வண்டி குடைசாய்ந்தால் உள்ளே இருப்பவர்களின் தலைக்கும் தரைக்கும் நடுவில் நிற்கிற குழாய்க் கூண்டு. என் வாழ்க்கையில் மிகப் பெரிய தவறை நான் செய்ததும் அதில்தான்.

2015-இல் எனக்கென்று கட்டிய முதல் ஜிப்சி. நாற்காலி, கட்டில் செய்கிற கடைகளில் கிடைக்கிற சாதாரண ஈஆர்டபிள்யூ பைப்பில், அதாவது தகட்டைச் சுருட்டி விளிம்பை வெல்ட் செய்த குழாயில், கூண்டு வளைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கருப்புப் பெயின்ட் அடித்து முடித்தபோது பெருமையாகவும் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் மாலை பரிசோதனை. ஹெல்மெட், தீயணைப்பான், பெல்ட், வின்ச் கயிறு எல்லாம் பார்த்தார்கள். கூண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார்கள், ஆடவில்லை. மறுநாள் ஒரு பக்கவாட்டுச் சரிவில் வண்டி மெதுவாக, மிக மெதுவாகக் கவிழ்ந்தது. வேகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. குழாய் வளையவில்லை. ஆனால் குழாயின் அடியை நான் நேராக வண்டியின் தரைத் தகட்டில் வைத்து வெல்ட் செய்திருந்தேன். தகடு காகிதம் போலக் கிழிந்து, கூண்டின் ஒரு கால் ஒரு சாண் ஆழம் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. கூண்டு இறங்கிய அளவுக்குக் கூரையும் தாழ்ந்தது. கோ-டிரைவர் சீட்டில் இருந்தது என் மச்சான். காறை எலும்பு முறிந்து, கழுத்தில் பட்டையோடு நாற்பது நாள் படுத்திருந்தான். இன்னும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் நான் என் அக்காவின் முகத்தில் விழித்திருக்க முடியாது.

அதற்கு அப்புறம்தான் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ-வின் விதியை உட்கார்ந்து படித்தேன். கூண்டின் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் கொண்ட, வெல்ட் இணைப்பே இல்லாத சீம்லெஸ் பைப், இல்லையென்றால் 50-க்கு 2. மற்ற குழாய்கள் 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. சூடு காட்டாமல்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. முன் வளைவு, பிரதான வளைவு இரண்டின் ஒவ்வொரு காலின் அடியிலும் குறைந்தது 3 மி.மீ. கனத்தில், 120 சதுர செ.மீ. பரப்பில் ஒரு தகடு. அதாவது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு இரும்புத் துண்டு. ஐம்பது ரூபாய் இரும்பு. அது இல்லாமல்தான் மச்சானின் எலும்பு முறிந்தது.

இந்தத் தகட்டை யாராவது ஒருவர் நான் கட்டும்போதே வந்து பார்த்திருந்தால் கேட்டிருப்பார். போட்டிக்கு முந்தின நாள் மாலை, பெயின்டுக்கும் தரை விரிப்புக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. கட்டும்போது ஏன் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்ல வந்ததே அதைத்தான். கூப்பிட்டுக் காட்டினால் அது குற்ற ஒப்புதல்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சி என்கிற பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூண்டு வைத்தால் பின் சீட் போகிறது, எடை கூடுகிறது. இரண்டுமே ஆர்சியில் உள்ள விவரங்கள். அப்படியானால் ஒருவரின் உயிரைக் காக்க நான் வைக்கிற ஒவ்வொரு வெல்டும் சட்டப்படி தவறு.

சரி, ஆர்சியை ஒப்படைத்துவிட்டால்? 55-ஆவது பிரிவு உரிமையாளர் தானாகப் போய்ச் சொல்லி ரத்து வாங்க, அழிந்துபோன வண்டிக்கும், நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போன வண்டிக்கும்தான் வழி வைத்திருக்கிறது. எங்கள் வண்டி இரண்டும் இல்லை. ரத்து செய்தாலும் 39-ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமில்லை, ‘வேறு எந்த இடத்திலும்’ ஓட்டக் கூடாது என்கிறது அது. தொழிற்சாலையிலோ மூடிய வளாகத்திலோ மட்டும் ஓடுகிற தனி வகை வண்டிகளுக்குச் சட்டத்தின் வரையறையிலேயே விலக்கு உண்டு. இதே ஊரில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் மாதிரியானவை டிராக்குக்குள் மட்டும் ஓடுவதால் அந்த விலக்கில் அடங்கிவிடும். ஆனால் ஒரு தனியார் தோட்டத்து ஓடையும், ஒரு பழைய கல்குவாரியும் மூடிய வளாகமா? நான் கேட்ட மூன்று வக்கீல்களும் மூன்று பதில் சொன்னார்கள்.

அதனால் என்ன நடக்கிறது? எல்லோரும் ஆர்சியை உயிரோடு வைத்துக்கொண்டு, பழைய நம்பர் பிளேட்டோடு, போட்டி வண்டியை ராத்திரியில் சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போய்ச் சேருகிறார்கள். லாரியில் ஏற்றினால் கேள்வி அதிகம், ஓட்டிக்கொண்டு போனால் தப்பித்துவிடலாம் என்ற நிலை. என் வண்டியை ஒருமுறை லாரியில் ஏற்றிப் போனபோது மாநில எல்லைச் சோதனைச் சாவடி ஒன்றில் நான்கு மணி நேரம் நின்றோம். ஆர்சியில் இருப்பதும் லாரியில் இருப்பதும் ஒரே வண்டிதானா என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்தக் காவலரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அன்று என்னோடு வந்த இரண்டு பேர் அடுத்த போட்டிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். 33 அங்குல டயரும் பழைய பிரேக்குமாக, நெடுஞ்சாலையில், உங்கள் வீட்டு ஆட்களும் எங்கள் வீட்டு ஆட்களும் போகிற அதே சாலையில். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி இந்த மாற்றங்களைக் காட்டியே கையை விரிக்கப் பார்க்கும். போட்டிக்குள் நடந்தால் கேட்கவே வேண்டாம், சாதாரண மோட்டார் பாலிசியில் போட்டி ஓட்டம் விலக்கு என்று எழுதியே இருக்கிறது.

தனி வகை ஒன்றை உருவாக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். 2021 ஜூலையில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 வருடம் தாண்டிய பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் வரலாம், அன்றாட ஓட்டத்துக்கு வரக் கூடாது. அழகான விதி அது. ஒரு வண்டி சாலைக்கும் இல்லாமல் இரும்புக் கடைக்கும் போகாமல் நடுவில் ஒரு இடத்தில் மரியாதையாக இருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. நாங்கள் கேட்பது அதைவிடக் குறைவு. எங்கள் வண்டிக்கு ஊர்வல அனுமதிகூட வேண்டாம்.

மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் இருக்கிற விஷயம். அதனால் உங்கள் துறையிலிருந்து ஒரு பரிந்துரை டெல்லிக்குப் போனால் அதற்கு எடை இருக்கும். சாலை ஆர்சியை ஒப்படைத்துவிட்டுப் ‘போட்டி வாகனம்’ என்று ஒரு பதிவு வாங்கிக்கொள்ள வழி கொடுங்கள். சேஸி நம்பர் உங்கள் கோப்பில் இருக்கட்டும், திருட்டு வண்டி நுழையாது. சாலையில் சொந்தச் சக்கரத்தில் ஒரு அடி ஓட்டினாலும் பதிவை ரத்து செய்யுங்கள், வண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வண்டியை இரண்டு தடவை பாருங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை. உங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கு ரோல் கேஜ் பழக்கமில்லை என்றால், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு சென்னையில்தான் இருக்கிறது. போட்டிகளில் வண்டிகளைப் பரிசோதிக்கிற ஆட்கள் அவர்களிடம் இருக்கிறார்கள். பிரிட்டனில் போட்டிக் கார்களுக்கு அந்த நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பே லாக்புக் கொடுக்கிறது. அதே மாதிரி ஒரு புத்தகம் போதும். எந்தக் குழாய், என்ன கனம், யார் வெல்ட் செய்தது, எப்போது கவிழ்ந்தது, அப்புறம் எதை மாற்றினார்கள் என்று அதில் எழுதியிருந்தால், அந்த வண்டியை மூன்றாவது கையாக வாங்குகிற பையன் எதில் உட்காருகிறான் என்று அவனுக்குத் தெரியும்.

கம்பெனி வண்டிக்குச் செய்கிற மோதல் சோதனையை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள். ஒரே ஒரு வண்டி கட்டுகிறவன் அதை உடைத்துக் காட்டினால் அப்புறம் ஓட்ட வண்டி இருக்காது.

டெல்லியில் விதி மாற நாளாகும், தெரியும். அதுவரை உங்கள் கையிலேயே இருக்கிற ஒன்றைச் செய்யலாம். லாரியில் ஏற்றிப் போகிற போட்டி வண்டிக்கு என்ன தாள் காட்டினால் போதும் என்று சோதனைச் சாவடிகளுக்கு ஒரு சுற்றறிக்கை. அது வந்தால் ராத்திரியில் ஓட்டிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் லாரிக்கு மாறிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்களை ராத்திரி வெளிச்சத்தில் ஓட வைத்த அரசு இது. பந்தயம் என்றால் முகம் சுளிக்கிற அரசு இல்லை என்று அன்று தெரிந்துகொண்டோம். 2007 முதல் நடக்கிற பாஹா எஸ்ஏஇ போட்டிக்கு நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் வருடா வருடம் சொந்தமாக ஆஃப்ரோடு வண்டி கட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் போகிறார்கள். குழாயின் கார்பன் அளவுவரை அங்கே கணக்குக் கேட்பார்கள். அப்படிப் படித்துவிட்டு என் பட்டறைக்கு வந்த ஒரு பெண், ‘அண்ணா, நாம இங்க கட்டுற வண்டிக்கு யார்கிட்ட ரிப்போர்ட் கொடுக்கணும்?’ என்று கேட்டாள். யாரிடமும் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பட்டறையில் ஒரு ஜிப்சி நிற்கிறது. கூண்டு சீம்லெஸ் பைப், 45-க்கு 2.5. ஆறு கால், ஆறு தகடு. வெல்டிங் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் மட்டும் தடவி வைத்திருக்கிறேன். உங்களில் ஒருவர் வந்து பார்க்கும்வரை அதற்குப் பெயின்ட் அடிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் காலை ஒன்பது மணிக்குத் திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பட்டறைக்காரன்