செயலாளர் ஆண்டறிக்கை: வயிற்று சிடி ஸ்கேனும் கதிர்வீச்சு அளவும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சிடி டெக்னாலஜிஸ்டுகள் சங்கத்தின் இந்த ஆண்டுக் கூட்டங்களில் வயிற்று ஸ்கேன் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். புது மென்பொருள் வந்தால்தான் டோஸ் (கதிர்வீச்சு அளவு) குறையும் என்ற பேச்சு தொடக்கத்தில் பலமாக இருந்தது. கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால், எக்ஸ்போஷர் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய வேலைகள்தான் அதிகப் பக்கம் பிடித்திருக்கின்றன.

முதல் குற்றவாளி டேபிள் உயரம். உடல் வடிவுக்கேற்பக் கதிரைப் பங்கிடும் போ-டை ஃபில்டர் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. உடல் மையம் தவறினால் அந்தக் கணக்கே குலைகிறது. 32 செ.மீ. ஃபாந்தம் (உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கும் உருளை) மையத்திலிருந்து 3 செ.மீ. விலகினால் மேற்பரப்பு டோஸ் சுமார் 18%, 6 செ.மீ. விலகினால் சுமார் 41% கூடுகிறது. படத்தில் நாய்ஸும் (புள்ளி புள்ளியான இரைச்சல்) ஏறுகிறது. ஸ்கவுட் எனும் முன்னோட்டப் படத்தின்போது எக்ஸ்ரே டியூப் கீழே இருந்து, டேபிளும் தாழ்ந்திருந்தால் நிழல் பெரிதாக விழும். டியூப் கரண்டைத் (எம்ஏ) தானாக முடிவுசெய்யும் ஆட்டோ எம்ஏ, ஆளைப் பருமன் என்று நினைத்துக் கரண்டை ஏற்றிவிடும். பக்கவாட்டு லேசர் அக்குளின் நடுக்கோட்டில் விழட்டும். கைகள் தலைக்கு மேல் போகட்டும். பக்கத்தில் கிடந்தால் எம்ஏவும் கூடும், கல்லீரலில் கோடுகளும் விழும்.

அடுத்தது ஸ்கேன் நீளம். உதரவிதான உச்சியில் தொடங்கி சிம்பைசிஸ் பியூபிஸில் (இடுப்பின் முன்புற எலும்பு இணைப்பு) நிறுத்தினால் போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 5 செ.மீ. சேர்த்தால், சிடிடிஐ வால்யூம் (கருவி காட்டும் டோஸ் செறிவு) 10 மில்லிகிரே உள்ள ஸ்கேனில் டிஎல்பி (அந்தச் செறிவை நீளத்தால் பெருக்கிய எண்) 50 கூடும், வயிற்றுக்கான மாற்று எண் 0.015 ஆல் பெருக்கினால் உடலுக்கான கணக்கு 0.75 மில்லிசீவர்ட்.

இவற்றையெல்லாம் விழுங்குவது ஃபேஸ்களின், அதாவது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும் சுற்றுகளின், எண்ணிக்கை. பொதுவான வயிற்று வலிக்கு கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி 70 வினாடியில் எடுக்கும் போர்ட்டல் வீனஸ் ஃபேஸ் ஒன்றே பெரும்பாலும் போதும். பழக்கதோஷத்தில் பிளெயினும் (மருந்தில்லாமல் எடுப்பது) டிலேயும் (தாமதித்து எடுப்பது) சேர்த்தால் டோஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு. சிறுநீரகக் கல் மட்டும் தேடும்போது, பருமனில்லாதவருக்கு 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடிக்கலாம். ரிக்வெஸ்ட் சீட்டில் ‘வயிறு சிடி’ என்று மட்டும் எழுதி அனுப்புவதை இனியாவது நிறுத்தக் கோருகிறோம்; மருத்துவர் எதைத் தேடுகிறார் என்ற கேள்வி தெரியாமல் ஃபேஸைக் குறைக்க முடியாது.

கேவி (டியூப்பின் மின்னழுத்தம்): எம்ஏஎஸ் (கரண்டும் நேரமும் பெருக்கிய அளவு) மாறாமல் 120 இலிருந்து 100க்கு இறங்கினால் டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கான்ட்ராஸ்ட் மருந்திலுள்ள அயோடினின் கே-எட்ஜ் (கதிரைச் சட்டென அதிகம் உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல்) 33.2 கேஇவி, கேவி இறங்கினால் கதிர் அதை நெருங்கும் என்பதால் கான்ட்ராஸ்ட் இன்னும் பளிச்சென்று தெரியும். பருமனானவருக்கு இது சரிப்படாது. எம்ஏ உச்சத்தில் முட்டி நின்று, படம் மணல் தூவினாற்போல் வரும். அவர்களுக்கு 120 இருக்கட்டும்.

நாய்ஸ் இன்டெக்ஸை (படத்தில் எவ்வளவு நாய்ஸ் இருக்கலாம் என்று ஆட்டோ எம்ஏவுக்குச் சொல்லும் எண்) 10 இலிருந்து 12 ஆக்கினால் டோஸ் சுமார் 30% இறங்கும். ஆனால் சில கருவிகளில் இந்த எண், படத்தை உருவாக்கும் முதல் ரீகன்ஸ்ட்ரக்ஷனின் ஸ்லைஸ் (துண்டு) தடிமனோடு கட்டப்பட்டது. 5 மி.மீ.க்கு வைத்த எண்ணை அப்படியே விட்டு 0.625 மி.மீ. தேர்ந்தெடுத்தால் எம்ஏ எகிறும். டோஸைப் பாதியாக்கினால் நாய்ஸ் 1.4 மடங்காகும், அதை இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்ஷன் (கணக்கைத் திரும்பத் திரும்பத் திருத்திப் படம் அமைக்கும் மென்பொருள் முறை) அடக்கும். அதன் அளவை மிகக் கூட்டினால் படம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகி, கல்லீரலின் மங்கலான சிறு கட்டிகள் கரைந்துபோகும். டோஸை ஒவ்வொரு படியாக இறக்கி, கல்லீரலில் ஆர்ஓஐ (அளக்கும் வட்டம்) வைத்து எஸ்டி (நாய்ஸைக் காட்டும் திட்ட விலக்கம்) பார்த்து, ரேடியாலஜிஸ்ட் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த படி.

ஒல்லியானவர்களுக்குக் கருவி தரும் டோஸ் அறிக்கைப் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதிலுள்ள சிடிடிஐ எண் 32 செ.மீ. ஃபாந்தத்துக்கானது, உடல் வாங்குவது அதைவிட அதிகம். ஆகவே பதிவேட்டில் உடல் அகலத்தையும் குறிக்கும்படி தீர்மானம் முன்வைக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

செயலாளர்