வடசென்னைப் பெண்களின் கோடுகள் பொழுதுபோக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு சமூகக் கூடத்தில் வடசென்னைப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் ஓவியக் கண்காட்சி பற்றி உங்கள் நாளிதழில் சென்ற வாரம் நான்கு வரிச் செய்தி வந்தது. தலைப்பு, ‘இல்லத்தரசிகளின் கைவண்ணம்’. ஓய்வு நேரத்தைப் பயனுள்ள முறையில் கழிக்கிறார்கள் என்று ஒரு பாராட்டு. செய்தி போட்டதற்கு நன்றி. ஆனால் அந்தத் தலைப்பையும் அந்தப் பாராட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். இந்தக் கண்காட்சியை மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அங்கே பூச்சாடியும் மயிலும் இல்லை. கோடு, கீறல், தீற்றல், விரல் தடம், ஊசித் துளை, இவைதான் இருக்கின்றன. கை போன வேகம், அழுத்தம், தயக்கம் எல்லாவற்றையும் அழிக்காமல் தாளிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

காசிமேட்டைச் சேர்ந்த ஒருவரின் படம் ஒரு சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய தாயார் மீன் விற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். யார் எத்தனை முறை கடன் வாங்கினார்கள் என்பதை வாசல் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பாராம். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. பணம் வந்துவிட்டால் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அந்தச் சுவர் இடிந்துபோய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மகள் அதை நினைவிலிருந்து கரியால் மீண்டும் போட்டிருக்கிறார். சில கோடுகள் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுந்தியிருக்கின்றன, சில தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. துடைத்த இடங்கள் சாம்பல் மேகம் போல ஊதிக் கிடக்கின்றன. நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெரியவர், “இதை என் பேரன்கூடக் கிறுக்குவான்” என்றார். கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று அந்தப் பெண் விளக்கினார். பெரியவர் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூலையைக் காட்டி, “இது யார் கடன், கடைசிவரை துடைக்கவே இல்லையே?” என்று கேட்டார்.

இன்னொருவர் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால் அந்தப் பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். துணிகள் மாறிவிடாமல் இருக்க வீட்டுக்கு ஒரு குறி என்று சேராங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் இடுவார்களே, அந்தக் குறிகளை இவர் தம் பாட்டியிடம் கேட்டறிந்தவர். சாறு தோலில் பட்டால் புண்ணாகிவிடும். அதனால் அதைத் தொடாமல், தையல் இயந்திரத்தில் நூலைக் கழற்றிவிட்டு, பழுப்புத் தாளில் வெறும் ஊசியை ஓட்டியிருக்கிறார். துளைகளாலான குறிகள். தாள்களை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வரும்போதுதான் அவை எழுகின்றன.

நான் படித்தது அரசு கவின்கலைக் கல்லூரியில். 1850-இல் தொடங்கிய இடம் அது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், குறியீடுகள், படிக்க முடியாத எழுத்துகள் எல்லாம் படமாயின. மதராஸ் ஓவியர்களின் பலமே கோடுதான் என்று வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கோட்டையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட பெண்ணும் நம் நாட்டில் இருந்தார். 1990-இல் மறைந்த நஸ்ரீன் முகமதியின் மெல்லிய பென்சில், மைக் கோடுகளுக்கு 2016-இல் நியூயார்க்கில் பெரிய அருங்காட்சியகம் ஒன்று தனிக் கண்காட்சியே நடத்தியது. பணிக்கரின் படிக்க முடியாத எழுத்து நவீன ஓவியம் என்றால், எழுதத் தெரியாத ஒரு தாயின் சுவர்க்கணக்கை மகள் தாளில் ஏற்றுவது மட்டும் எப்படிப் பொழுதுபோக்கு ஆகும்? அந்தப் பெண்ணுக்குப் பொழுது எங்கே இருக்கிறது? விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குப் போகிறவர் அவர்.

எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் வெற்றிடத்துக்குப் பயந்து தாள் முழுக்க வண்ணத்தை நிரப்பியிருக்கிறார்கள். கம்பிக் கோலத்தை ஒரே தாளில் திரும்பத் திரும்பப் போட்டுக் கறுக்க வைத்த இளம்பெண், பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று நடுவில் ஒரு பெண் முகத்தை வரைந்துவிட்டார். அந்த முகம் வேண்டியதே இல்லை. அவரிடமும் இதைச் சொன்னேன். ‘கோட்டைத் தாண்டி வண்ணம் போகக் கூடாது’ என்று எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்து மனம் கனத்தது. இப்படிக் குறை சொல்லவும் ஒருவர் வந்து பார்த்தால்தானே முடியும்? உங்கள் கலைப்பக்கத்தில் எழுதும் விமர்சகர் வந்து கடுமையாகவே எழுதட்டும். ‘கைவண்ணம்’ என்று தட்டிக்கொடுப்பதைவிட அது இவர்களுக்கு மரியாதை.

இடமும் ஒரு பிரச்சினை. படம் மாட்டும் கூடங்கள் எங்களுக்குத் தூரம்: லலித் கலா அகாடமி கிரீம்ஸ் சாலையில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில். வடசென்னையில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதுதான், ஆனால் ஒரு சுவர் நீளத் தாளைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்தில் ஏறிப் பாருங்கள். இந்தக் கூடத்தில் படங்களைத் துணிக்கவ்வியால் கொடியில் மாட்டியிருக்கிறார்கள். மின்விசிறியைப் போட்டால் தாள் கிழிகிறது, நிறுத்தினால் பார்வையாளர்கள் வெளியே போய்விடுகிறார்கள். கல்யாண முன்பதிவு வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மழை ஒழுகாத, நல்ல விளக்குள்ள ஓர் அறையை மாநகராட்சி இந்தப் பகுதியில் படங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். உங்கள் நாளிதழ் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

கண்காட்சி வரும் ஞாயிறு வரை இருக்கிறது. விமர்சகரை அனுப்பினால் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் விழும் எண்ணூரிலிருந்து வந்த ஒருவர் மொட்டைமாடியில் இரவில் தாளை விரித்து வைத்து, காலையில் அதில் படிந்திருக்கும் சாம்பலில் ஒரே ஒரு முறை விரலை இழுத்திருக்கிறார். நாளுக்கு ஒரு தாள், மொத்தம் நாற்பது. அவை உள் அறையில் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு முன்பே வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த விரல் தடங்கள் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.