வீடியோ கேப்சருக்கு வட்டின் சராசரி வேகம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேப்சர் செய்யும் (கேமராவிலிருந்தோ டேப்பிலிருந்தோ வரும் வீடியோவைப் பதியும்) கணினிக்கு எத்தகைய ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலரும் (வட்டுகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் பகுதி) ரெய்டு அமைப்பும் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) ஏற்றவை என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பழைய டேப்புகளை டிஜிட்டலாக்குவதும் நேரடி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்வதும் என் தொழில். ரெய்டு வகைகளைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஆனால், வேகத்தை முழுக்க முழுக்கச் சராசரிக் கணக்கிலேயே பேசிவிட்டு, விலை உயர்ந்த கன்ட்ரோலர் கார்டும், ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும் ரெய்டு 5 வகையும் இருந்தால் கவலையில்லை என்று முடித்திருப்பது வாசகர்களை வீண் செலவில் இழுத்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு கோப்பை நகலெடுக்கும்போது வட்டு சில விநாடிகள் திணறினால் வேலை சற்றுத் தாமதமாக முடியும், அவ்வளவுதான். கேப்சரில் அந்தச் சலுகை கிடையாது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 40 மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் வந்து நிற்கும். முந்தையதை வட்டு எழுதி முடித்ததா என்று கேமராவோ டேப் பிளேயரோ கேட்பதில்லை. வட்டுக்குப் போகும்வரை ஃபிரேம்கள் தங்கும் இடைநினைவகம் நிரம்பியதும் அவை விடுபடத் தொடங்கும்; படத்தில் அது கண்ணில் படாமல் போனாலும், பிறகு உதட்டசைவும் ஒலியும் விலகி நிற்கும்போது தெரிந்துவிடும். ஆகவே வட்டு சராசரியாக எவ்வளவு எழுதுகிறது என்பதைக் காட்டிலும், அதன் மிக மோசமான விநாடியில் எவ்வளவு எழுதுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் நமக்கு எவ்வளவு வேகம் தேவை என்ற கணக்கைப் போட்டுவிட வேண்டும். பலரும் இதைப் போடாமலேயே கடைக்குப் போகிறார்கள். 720-க்கு 576 அளவுள்ள பழைய பால் (PAL) தொலைக்காட்சி முறை வீடியோவை 8 பிட், 4:2:2 முறையில் (நிற விவரத்தை மட்டும் பாதியாக்கிப் பதிவது) சுருக்காமல் பதிந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 21 மெகாபைட்தான் ஆகும். டிவி (DV) வடிவத்தில் வரும் மினி டிவி (MiniDV) டேப்புக்கு 4 மெகாபைட்கூட ஆகாது. இவற்றுக்கு ரெய்டே வேண்டாம். வேறு வேலை எதுவும் தரப்படாத ஒரே ஒரு வட்டு போதும். 1920-க்கு 1080 அளவில், 10 பிட்டில், விநாடிக்கு 25 ஃபிரேம் சுருக்காமல் பதியும்போதுதான் அது சுமார் 138 மெகாபைட்டாக உயர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 498 ஜிகாபைட். அதே காட்சியைப் புரோரெஸ் 422 எச்கியூ என்ற சுருக்கும் வடிவில் பதிந்தால் விநாடிக்கு 23 மெகாபைட்டில் அடங்கிவிடும். சுருக்காத 4கே வீடியோ, விநாடிக்கு 50 ஃபிரேம் என்றால் 1,100 மெகாபைட்டைத் தாண்டும். அது ஹார்டு டிஸ்க்கின் களமே அல்ல.

இந்த 138 மெகாபைட்டில்தான் சராசரிக் கணக்கு காலை வாருகிறது. ஹார்டு டிஸ்க் ஒரே சீரான வேகத்தில் சுழன்றாலும், தகட்டின் வெளிவிளிம்புத் தடங்களில் அதிகத் தரவும் உள்தடங்களில் குறைந்த தரவும் இருப்பதால், காலியாக இருக்கும்போது 200 மெகாபைட் வேகம் காட்டும் வட்டு, நிரம்பும் நிலையில் ஏறக்குறைய அதில் பாதிக்கு இறங்கிவிடுகிறது. புது வட்டில் குறையின்றி ஓடிய கேப்சர் சில வாரங்கள் கழித்து ஃபிரேம்களைத் தவறவிட்டால், எல்லாரும் கேப்சர் கார்டையும் அதன் டிரைவர் மென்பொருளையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். காரணம் வட்டு நிரம்பியது மட்டுமாக இருக்கும். வட்டை 90 விழுக்காடு நிரப்பிவிட்டு, மிச்சமுள்ள இடத்தில் எழுதிப் பார்ப்பதே சரியான சோதனை. சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி-க்கும் இந்தச் சோதனை பொருந்தும்: மலிவான எஸ்எஸ்டிகளில் உள்ள வேகமான எழுது பகுதி தீர்ந்ததும், சிலவற்றின் வேகம் ஹார்டு டிஸ்க்குக்கும் கீழே போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, வட்டு திடீரென்று நின்றுவிடுவது. சாதாரண மேசைக்கணினி வட்டு, படிக்க இயலாத ஒரு செக்டாரில் (தகட்டின் சிறு பகுதி) சிக்கிக்கொண்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்; ரெய்டுக்கென்று செய்யப்படும் வட்டுகள் பெரும்பாலும் 7 விநாடியில் கைவிட்டுப் பிழையை அறிவித்துவிடும். அந்த 7 விநாடியைத் தாங்கவே, மேலே சொன்ன 138 மெகாபைட் எச்டி பதிவுக்குக் கிட்டத்தட்ட 970 மெகாபைட் இடைநினைவகம் வேண்டும். நான்கு வட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்காகக் காத்து நிற்கும் என்பதையும், அதனால் வட்டுகள் கூடக்கூடத் திணறலுக்கான வாய்ப்பும் கூடுகிறது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டுகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போதும், பழுதான வட்டை மாற்றி ரெய்டை மீண்டும் கட்டும்போதும் அவை படுத்துவிடும்.

இனி கன்ட்ரோலர். சுயசெயலியும், தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வேகமான கேச் நினைவகமும் கொண்ட கார்டுகள் நல்லவையே. ஆனால் அவற்றின் வேகம் பெரும்பாலும் அந்தக் கேச்சிலிருந்து வருகிறது. கேச்சோ மின்சாரம் போகும்போது அதைக் காக்கும் பேட்டரியை நம்பி இருக்கிறது. பேட்டரி பழுதானாலும், பழைய கார்டுகளில் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ள மின்னேற்றத்தை முழுதும் இறக்கி மீண்டும் ஏற்றும் நேரத்திலும், கார்டு கேச்சை ஒதுக்கிவிட்டு வட்டில் நேரடியாக எழுதத் தொடங்கும். ரெய்டு 5-இல் அப்போது வேகம் சரியும். போதாக்குறைக்கு, வட்டுகளைப் பின்னணியில் படித்துச் சரிபார்க்கும் பணிகளைக் கார்டே தன் அட்டவணைப்படி தொடங்கிவிடும். ரெய்டு கார்டு இல்லாமல் இயங்குதளமே நடத்தும் மென்பொருள் ரெய்டிலும் இது உண்டு. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தச் சரிபார்ப்பு வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறன்று தொடங்கும், நிகழ்ச்சிகள் நடக்கும் நாளும் பெரும்பாலும் அதுவேதான். கார்டு வாங்கியவர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய பக்கம் இந்த அட்டவணை.

பாரிட்டியை (பழுதான வட்டின் தரவை மீட்பதற்காக எழுதப்படும் கூடுதல் தரவு) கணக்கிடுவது முதன்மைச் செயலிக்குப் பெருஞ்சுமையாக இருந்த காலத்தில் தனி கார்டு கட்டாயமாக இருந்தது. இன்றைய செயலிகள் விநாடிக்குப் பல ஜிகாபைட் அளவுக்கு அதைச் செய்துவிடுகின்றன. எனவே வட்டுகளை உள்ளது உள்ளபடி கணினிக்குக் காட்டும் எளிய எச்பிஏ கார்டையும், இயங்குதளத்தின் மென்பொருள் ரெய்டையுமே நான் பரிந்துரைப்பேன். கார்டு எரிந்துபோனால் வட்டுகளை வேறொரு கணினியில் செருகித் தரவை மீட்கலாம். ரெய்டு கார்டு என்றால் அதற்கு ஒத்துப்போகும் கார்டைத் தேடி அலைய வேண்டும். இரண்டு மூன்று வட்டுகள் மட்டும் என்றால் மதர்போர்டில் வட்டுகளைச் செருக உள்ள சாட்டா இணைப்புகளே தாராளம். ஆனால் கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பில் காணப்படும் ரெய்டு வசதியை வன்பொருள் ரெய்டு என்று நம்பிவிடக் கூடாது, வேலையைச் செய்வது அங்கேயும் செயலிதான். எச்பிஏ கார்டுகள் சர்வரின் பலத்த காற்றோட்டத்தை எண்ணிச் செய்யப்பட்டவை என்பதால், சாதாரணப் பெட்டியில் பொருத்தும்போது அதன்மேல் சிறு மின்விசிறி ஒன்றை வைப்பது நலம்.

எந்த ரெய்டு என்று கேட்டால், பதிவு செய்யும் இடத்தையும் பாதுகாத்து வைக்கும் இடத்தையும் பிரித்துவிடுங்கள் என்பேன். டேப்பை மீண்டும் ஓட்ட முடியும் என்றால், இரண்டு வட்டுகளை ரெய்டு 0-ஆக (தரவைப் பிரித்து இரண்டிலும் எழுதும், பாதுகாப்பில்லாத வகை) இணைத்துப் பதிந்து, அன்றே இரண்டு வட்டுகள் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 தொகுப்புக்கு நகலெடுத்துவிடலாம். நிரம்பிய நிலையிலும் ரெய்டு 0-இல் உள்ள இரண்டு வட்டுகளும் சேர்ந்து சுமார் 200 மெகாபைட் தரும். நேரடி நிகழ்ச்சிக்கு ரெய்டையே நம்பக் கூடாது. தனித்தனி வட்டுகளில் எழுதும் இரண்டு பதிவுக் கருவிகளை ஒரே நேரத்தில் ஓட விட வேண்டும். மின்சாரம், கேபிள், மென்பொருள், தவறுதலாக அழுத்தப்படும் பொத்தான் என்று பதிவு கெடும் வழிகளில் பலவற்றை ரெய்டு தொடுவதே இல்லை. வட்டு ஒன்று போனால் ரெய்டு 5 தாங்கும் என்பது உண்மையே. ஆனால் 16 டெராபைட் வட்டை சராசரி 150 மெகாபைட் வேகத்தில் மீண்டும் கட்டவே ஏறத்தாழ 30 மணி நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் அதன்மேல் கேப்சர் செய்ய நினைப்பது துணிச்சல்.

கட்டுரையோடு வெளியான ஒப்பீட்டு அட்டவணையில் காலி வட்டில் எடுத்த வேகங்கள் மட்டுமே இருந்தன. அதே வட்டுகளை 90 விழுக்காடு நிரப்பி, அரை மணி நேரம் தொடர்ந்து எழுதும்போது கிடைக்கும் குறைந்தபட்ச வேகத்தையும் சேர்த்து அதை மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீடியோ பதிவுத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்