மோலினாவின் ஒரு வரியிலிருந்து தொடங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வரும் பருவத்தில் பிற்கால ஸ்கொலாஸ்டிக் மெய்யியலை, அதாவது 16, 17-ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளின் மெய்யியலை, நீ வகுப்பில் எடுக்கப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. சட்டத்தில் தொடங்குவதா, கடவுளின் அருளில் தொடங்குவதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம், மனிதச் சுதந்திரத்தில் தொடங்கு. மற்ற இரண்டும் தாமாகவே பின்னால் வரும்.

ஸ்பானிய இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ மோலினா எழுதி, லிஸ்பனில் 1588-இல் வெளிவந்த ‘கொன்கோர்தியா’ என்ற நூலில் ஒரு வரையறை இருக்கிறது. செயல்படத் தேவையானவை எல்லாம் அமைந்திருக்கையிலேயே, செய்யவும் செய்யாதிருக்கவும் யாரால் முடியுமோ, அல்லது ஒன்றைச் செய்யும்போதே அதற்கு மாறானதையும் செய்ய யாரால் முடியுமோ, அவரே சுதந்திரமான கர்த்தா. முதல் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, ‘எல்லாம் அமைந்திருக்கையிலேயே’ என்பதன் கீழ் கோடு போடு. மாணவர்கள் இந்தச் சொற்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். சண்டை முழுவதும் இங்கேதான். தேவையானவற்றின் பட்டியலில், வந்துவிட்டால் செயல் தப்பாமல் நடந்தே தீரும் என்ற தன்மையுள்ள ஒன்றைச் சேர்த்தால், ‘செய்யாதிருக்கவும்’ என்ற சொல்லுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

சாலமான்காவின் ஆசிரியரும் தொமினிக்கன் சபைத் துறவியுமான தொமிங்கோ பாஞ்யெஸ் அப்படி ஒன்றைச் சேர்த்தார். படைப்பு எதுவும் கடவுள் முன்கூட்டி அசைக்காமல் தானாகச் செயலுக்கு வர முடியாது என்பது அவர் நிலை. அந்த முன்னசைவு வந்தால் செயல் தவறாது. அப்படியானால் சுதந்திரம் எங்கே? அவர் பதில், சொற்றொடரைப் பிரித்துப் பார்ப்பது, சேர்த்துப் பார்ப்பது என்ற பழைய தர்க்க வேறுபாடு. உட்கார்ந்திருப்பவரால் நிற்க முடியுமா? பிரித்துப் பார்த்தால் முடியும், நிற்கும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் முடியாது, உட்கார்ந்துகொண்டே நிற்க யாராலும் ஆகாது. அதுபோல, அசைக்கப்பட்ட மனத்துக்கு மறுக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் அசைவும் மறுப்பும் ஒருசேர நிகழ்வதில்லை.

கேட்டவுடன் இது சரியாகத்தான் படும். மோலினாவின் தரப்பார் காட்டும் ஓட்டை இதுதான்: உட்கார்ந்திருப்பது அவர் கையில் இருக்கிறது, வேண்டுமானால் எழுந்துவிடலாம். முன்னசைவு அவர் கையில் இல்லை. அதனால் உவமை பொருந்தவில்லை. நான் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் பாஞ்யெஸ் சுதந்திரத்தையே மறுத்தார் என்று எந்த மாணவரையும் எழுத விடாதே. கடவுள் ஒவ்வொன்றையும் அதனதன் இயல்புப்படி அசைக்கிறார், சுதந்திரமானதைச் சுதந்திரமாகவே செயல்படச் செய்கிறார் என்பதுதான் அவர் சொன்னது.

முன்னசைவை மோலினா விலக்கிவிட்டார். அப்படியானால், நான் நாளை என்ன தேர்ந்தெடுப்பேன் என்பது கடவுளுக்கு எப்படித் தெரியும்? இதற்காகத்தான் ‘இடை அறிவு’ வந்தது. நான்காம் பகுதியின் 52-ஆம் விவாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்து. முதல் நிலையில் கடவுள் அறிவது, எவை எவை இருக்க முடியும் என்பது. இரண்டாம் நிலையில், இன்ன சூழலில் வைத்தால் இன்னார் தம் விருப்பப்படி என்ன செய்வார் என்பது. அதன்பின் கடவுளின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தால் மூன்றாம் நிலையில், உண்மையில் என்ன நடக்கும் என்பது. நடுவில் உள்ளது முதலாவதைப் போலத் தீர்மானத்துக்கு முந்தியது. மூன்றாவதைப் போல, வேறு மாதிரியும் இருந்திருக்கக்கூடியது. இரண்டுக்கும் இடையில் நிற்பதால் அந்தப் பெயர். இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்தால் மாணவர்கள் காலவரிசை என்று எடுத்துக்கொள்வார்கள். கடவுளிடம் முன்பு, பின்பு இல்லை. எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரிசை மட்டுமே இது.

எடுத்துக்காட்டுக்கு 1 சாமுவேல் 23-ஐத் திற. தாவீது கெயிலா நகரில் இருக்கிறார். சவுல் வருவாரா, நகரத்தார் என்னை அவரிடம் ஒப்படைப்பார்களா என்று கேட்கிறார். வருவார், ஒப்படைப்பார்கள் என்று பதில் வருகிறது. தாவீது ஏறக்குறைய 600 பேருடன் வெளியேறிவிடுகிறார். சவுல் வரவில்லை; ஒப்படைப்பும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றிய பதில் உண்மையாக இருந்தது! எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை: அப்போது அவர்கள் மனத்தில் இருந்த எண்ணத்தைத்தான் கடவுள் சொன்னார் என்று வாதிட்டது. வகுப்பில் இரண்டு பக்கமும் பேசட்டும்.

இந்தக் கொள்கையின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. நடக்கவே நடக்காத தேர்வைப் பற்றிய கூற்றை உண்மையாக்குவது எது? கடவுளின் தீர்மானம் இல்லை, மனிதரின் இயல்பும் இல்லை, நடந்த செயலும் இல்லை. ஒவ்வொரு மனத்தையும் அது தன்னுள் கொண்டிருப்பதற்கும் மேலாகக் கடவுள் ஊடுருவி அறிகிறார் என்றார் மோலினா. அவரைப் போலவே இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ சுவாரெஸ் இதை ஏற்கவில்லை. கூற்று உண்மையென்றால், எல்லா உண்மையையும் அறிபவர் அதையும் அறிவார், அவ்வளவுதான் என்றார். சுவாரெஸின் பதில் நேர்மையானது என்று நினைக்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது என்பதையும் மாணவர்களிடம் மறைக்காதே.

இந்தச் சண்டையை விசாரித்த உரோமை ஆணையத்தின் கதைக்குப் பத்து நிமிடம் போதும். 1598-இல் தொடங்கி, திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் காலம் முழுக்க இழுத்து, 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் இரு தரப்பும் தத்தம் கருத்தை வைத்துக்கொள்ளலாம், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாது என்று முடித்துவைத்தார். திருச்சபை மோலினாவை வெற்றியாளராக அறிவித்தது என்று யாராவது எழுதினால் மதிப்பெண்ணைக் குறை.

இப்போது சட்டம். சுவாரெஸின் ‘தெ லெகிபுஸ்’ (‘சட்டங்களைப் பற்றி’) 1612-இல் கொயிம்ப்ராவில் அச்சானது. அதன் உட்பிரிவுகளான பத்து நூல்களில் உனக்கு முதல் இரண்டு போதும். சட்டம் என்பது செயல்களின் விதியும் அளவும் என்ற, 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் விளக்கத்தையே மிக அகலமானது என்று ஒதுக்கித் தொடங்குகிறார். கல் விழுவதற்கும் விலங்கின் உந்துதலுக்கும் ‘சட்டம்’ என்று சொல்வது உவமையாக மட்டுமே. உண்மையான சட்டம் அறிவும் சுதந்திரமும் உள்ளவர்களையே கட்டும். பார், மோலினாவின் வரி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. பிறகு அவரே தரும் வரையறை: பொதுவான, நீதியான, நிலையான, போதிய அளவு அறிவிக்கப்பட்ட கட்டளை. கடைசிப் பகுதி அலங்காரத்துக்கு வந்ததில்லை. கட்டளை ஒருவரின் அறிவை எட்டாமல் விருப்பத்தைக் கட்ட முடியாது.

இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்துக்கு இரண்டு வகுப்பு ஒதுக்கு. இயற்கைச் சட்டம் நன்மை தீமையைச் சுட்டிக்காட்டுவது மட்டுமே, கட்டளையிடுவதில்லை என்பது 14-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ரிமினி கிரகோரியின் பெயரில் அவர் வைக்கும் ஒரு முனை. எல்லாம் கடவுளின் விருப்பமே என்பது அதே நூற்றாண்டின் வில்லியம் ஒக்காமின் பெயரில் வரும் மறுமுனை. சுவாரெஸ் நடுவில் நிற்கிறார்: பொய் தன்னிலேயே தீயது, கடவுள் தடுத்ததால் மட்டும் தீயதாகவில்லை. ஆனால் அந்தத் தீமையை அடிப்படையாகக் கொண்டு, கடவுளின் தடை தனிப்பட்ட ஒரு கடமையைக் கூட்டுகிறது. விருப்பம், கட்டளை என்ற சொற்களைப் பார்த்ததும் அவரை ஒக்காமோடு சேர்த்துவிடுவதுதான் மாணவர்களிடம் வழக்கமாக வரும் பிழை.

அதைத் திருத்த விடுதலைப் பயணம் 12 உதவும். இஸ்ரயேலர் எகிப்தியரின் வெள்ளி, பொன் அணிகளைக் கொண்டுபோனார்கள். கடவுள் திருட்டுக்கு விலக்கு அளித்தாரா? இல்லை என்கிறார் சுவாரெஸ். எல்லாவற்றுக்கும் உரிமையாளரான கடவுள் பொருளின் உரிமையை மாற்றினார். அதனால் அது திருட்டாகவே இல்லை. சட்டம் அப்படியே இருக்க, அது தொடும் விஷயம் மாறிவிட்டது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவருக்கு மற்ற அதிகாரங்கள் எளிது.

நேரம் மிஞ்சினால் ஐயத்துக்குரிய சட்டத்தை, அதாவது கட்டுமா கட்டாதா என்று உறுதியாகத் தெரியாத சட்டத்தை, தொடு. ஒரு கருத்து ஏற்கத்தக்கதாக இருந்தால், எதிர்க்கருத்து அதைவிட வலுவாக இருந்தாலும் முதல் கருத்தைப் பின்பற்றலாம் என்று தொமினிக்கன் இறையியலாளர் பர்த்தொலொமே தெ மெதினா 1577-இல் எழுதினார். பிறகு சிலர், அந்த ஏற்கத்தக்க தன்மை எவ்வளவு மெலிந்ததாக இருந்தாலும் போதும் என்று இழுத்தார்கள். 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் கண்டித்த 65 கூற்றுகளில் அதுவும் ஒன்று. மெதினாவையும் அந்தத் தளர்ச்சியையும் ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம்.

ஆறாம் அதிகாரத்தை நீ எப்படிப் பிரித்து நடத்தப்போகிறாய் என்று எழுது. ‘கட்டுப்பாடு’ என்றா, ‘கடமை’ என்றா, ‘ஒப்ளிகாசியோ’ என்ற இலத்தீன் சொல்லை எப்படிச் சொல்லப்போகிறாய்? நான் மேலே ‘கடமை’ என்று எழுதிவிட்டேன். ஆனால் கட்டு என்ற வேர் அந்த இலத்தீன் சொல்லுக்கு உள்ளே இருப்பதால் ‘கட்டுப்பாடு’ நல்லதோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்