பிளக்கைப் பிடுங்கிட்டுக் கையை வை

குளச்சல்
ஞாயிறு ராத்திரி

அன்பு மக்களுக்கு அம்மை எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சிக்குப் பரீட்சை நடக்கு. மழை பிடிச்சதும் அப்பாவுக்கு முட்டுவலி கூடியிருக்கு. மற்றதைப் பிறகு சொல்லுதேன்.

வியாழக்கிழமை ராத்திரி 2 மணிக்கு நீ அனுப்பின மெசேஜைக் காலையில் பார்த்தேன். "பழைய சிபியு ஆன் ஆகல, என்ன செய்யணும்." மாசி மாசக் கோயில் கொடைக்குப் பிறகு எனக்கு நீ எழுதின முதல் வரி. அந்த நேரத்தில் முழிச்சிருந்து அதை நோண்ட என்ன தேவைன்னு நான் கேக்கல. ஆபீஸ் லேப்டாப் ரிப்பேரா இருக்கும். போனில் சொன்னா நீ பாதியில் வச்சிருவ. அதனால தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புதேன், ஒண்ணொண்ணா செய்.

ஆன் ஆகலன்னா எப்படி ஆகல? அதைச் சொல்லல நீ. ஒண்ணுமே அசையாமக் கிடக்கா, ஃபேன் அரைச் சுத்து சுத்தி நிக்கா, இல்ல ஃபேன் ஓடியும் மானிட்டர் கறுப்பா இருக்கா? மூணும் மூணு நோய். இதைப் பிரிக்காம "மதர்போர்டு போச்சு"ன்னு சொல்லிப் புதுசு வாங்க வைக்கிறவங்க எல்லா ஊரிலும் உண்டு. அவங்க கையில் கொடுக்காதே.

முதல்ல சுவரைப் பாரு. போன் சார்ஜர் ஓடுதேன்னு பிளக் பாயிண்டை நம்பாதே, உள்ளே லூசா இருந்தாலும் சார்ஜர் ஓடும். இஸ்திரிப் பெட்டி போட்டுப் பாரு, சூடாகணும். ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் எதுவும் நடுவில் வேண்டாம், சுவரிலிருந்து நேரா கொடு. சிபியு பவர் ஒயரும் மானிட்டர் பவர் ஒயரும் ஒண்ணுதான், மாத்திச் சொருகிப் பாரு. பின்பக்கம் எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏத்தபடி மாத்திக் கொடுக்கிற பெட்டி, அதோட சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்கணும், வட்டம்னா ஆஃப். பக்கத்தில் சின்னதா ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கு பாரு, அதில் 230ன்னு தெரியணும். வீடு மாறும்போது உரசி 115க்கு நகர்ந்திருந்தா, நம்ம கரண்ட் ஏறின உடனே உள்ளே வெடிச்சிருக்கும். கருகின நாத்தம் அடிச்சா அதோட நிறுத்து, எஸ்எம்பிஎஸ் போச்சு.

எல்லாம் சரியா இருந்தா, பிளக்கைப் பிடுங்கிட்டு முன்பக்கப் பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் பிடி. 10 நிமிஷம் விட்டுட்டு மறுபடி கரண்ட் கொடு. வோல்டேஜ் எகிறி எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கிட்டிருந்தா இதிலேயே சரியாகிரும்.

இல்லன்னா திறக்கணும். பிளக்கைப் பிடுங்கிட்டுக் கையை வை. ஆஃப் ஆகித்தானே கிடக்குன்னு நினைக்காதே. பிளக் இருக்கும் வரை போர்டில் 5 வோல்ட் நிக்கும், அந்த நேரம் ராமை, அந்த மெமரிப் பட்டையை, உருவினா அதுவும் போகலாம், அது சொருகுற ஸ்லாட்டும் போகலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்காதே. உள்ளே இருக்க பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும்.

திறந்ததும் நீ தேட வேண்டியது உப்பு. 11 வருஷம் நம்ம மேற்கு ஜன்னல்கிட்ட இருந்த சிபியு அது, கடக்காத்து முழுக்க அதுக்குத்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வர 24 பின் கனெக்டரின் கிளிப்பை அமுக்கி நேரா மேலே உருவு. பின்னில் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருக்கா? மொபைல் கடையில் ஐசோபுரொப்பைல் கேட்டு வாங்கி, பழைய பல் பிரஷில் தொட்டுத் தேய்ச்சு நல்லா காய விடு. சானிடைசர் போடாதே, அதில் தண்ணியும் கிளிசரினும் உண்டு. காய்ஞ்ச பிறகு நாலஞ்சு தடவை சொருகி உருவு, அந்த உரசலிலேயே பாதிக் களிம்பு போயிரும். ஏதாவது ஒரு பின் பிரவுனா கருகியிருந்தா எனக்குப் போட்டோ அனுப்பு.

பிறகு பிராசசரைச் சுத்தி நிக்க உருளைக் கெப்பாசிட்டர்களோட தலையைப் பாரு. டார்ச்சைச் சரிச்சு அடிச்சாத்தான் தெரியும். தலை தட்டையா இருக்கணும். கோடு கீறின இடம் இட்லி மாதிரி உப்பியிருந்தா, காய்ஞ்ச டீக்கறை போல ஏதாவது ஒழுகியிருந்தா, அதை மாத்தணும். மாத்தும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட, 105 டிகிரி தாங்குறது, லோ இஎஸ்ஆர், அதாவது உள்ளெதிர்ப்பு குறைஞ்சது. கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். திருப்பிப் போட்டா வெடிக்கும்.

இனிதான் முக்கியம். எல்லாத்தையும் மறுபடி மாட்டிட்டு, மல்டிமீட்டரை டிசி 20க்குத் திருப்பு. கறுப்பு முனையைச் சிபியுவோட பெயிண்ட் இல்லாத தகரத்தில் வை. சிவப்பு முனையை 24 பின் கனெக்டரில் ஒயர் நுழையிற பின்பக்கமா ஊதா ஒயர்கிட்ட சொருகு. பிளக் போட்டு அளக்க வேண்டிய இடம் இது, அதனால முனை ரெண்டு பின்னைச் சேர்த்துத் தொடாம பாத்துக்கோ. பட்டனை அமுக்க வேண்டாம், பிளக்கைப் போட்டாலே ஊதாவில் 5 வோல்ட் வரணும். 4.75க்குக் கீழே போகக் கூடாது. வரலன்னா பிளக்கைப் பிடுங்கி, கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, தனியா மறுபடி அள. அப்பவும் வரலன்னா எஸ்எம்பிஎஸ் போச்சு. தனியா இருக்கும்போது வந்து, போர்டில் மாட்டினதும் விழுந்தா, போர்டு அதைத் தின்னுது. ஐப்பசி இடி லேன் ஒயர், அந்த இன்டர்நெட் ஒயர் வழியா இறங்கினா இப்படி வரும். லேன் போர்ட் பக்கத்துச் சிப் பவர் ஆன் செய்யாமலே கையைச் சுட்டா அதுதான்.

ஊதா சரின்னா பச்சை ஒயருக்கு வா. பட்டனை அமுக்காதப்போ பச்சையில் 3லிருந்து 5 வோல்ட் வரை நிக்கும், அமுக்கினா பூஜ்யத்துக்கு விழணும். விழலன்னா பட்டனைச் சந்தேகப்படு. முன்பக்கத்திலிருந்து வர பவர் சுவிட்ச் ஒயரைப் போர்டில் உருவிட்டு, அந்த ரெண்டு பின்னை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு செகண்ட் தொடு. ஆன் ஆனா பட்டன்தான் கேடு, ரீசெட் பட்டன் ஒயரை அந்த இடத்தில் மாட்டிக்கோ. ரீசெட் உள்ளே சிக்கி அமுங்கியே இருந்தாலும் மெஷின் எழும்பாது, அதையும் உருவிப் பாரு.

பச்சை விழுந்தும் ஃபேன் துள்ளி நின்னா எங்கேயோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிட்டு ஹார்டு டிஸ்க், டிவிடி, முன்பக்க யுஎஸ்பி ஒயர் எல்லாத்தையும் உருவு. பிராசசரும் ஒரு ராமும் மட்டும் இருக்கட்டும். அதில் ஓடினா ஒண்ணொண்ணா திரும்ப மாட்டு, எதில் நிக்குதோ அது குற்றவாளி. எல்லாம் ஓடி, மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 சரியா வந்து, "கரண்ட் சரி"ன்னு போர்டுக்குச் சொல்லுற சாம்பல் ஒயரில் மட்டும் 5 வரலன்னா போர்டு எழும்பாமக் காத்துக்கிட்டே நிக்கும். அதுவும் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் கோளாறுதான்.

எனக்கு இப்பவே சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலதான். கொஞ்ச நாளா ரெண்டு மூணு தடவை அமுக்கினாத்தான் ஆன் ஆகியிருக்கும், சரிதானே? ஊதா ஒயருக்கு 5 வோல்ட் கொடுக்க பகுதி, பிளக் இருக்கும் வரை ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும். அதிலுள்ள சின்னக் கெப்பாசிட்டர் காய்ஞ்சு போகும். சுவரில் சுவிட்சை அணைச்சிட்டுப் படுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒருநாளாவது கேட்டியா?

ஃபேன் ஓடி டிஸ்பிளே மட்டும் இல்லன்னா வேலை குறைவு. பிராசசர் பக்கத்து 4 பின் கனெக்டர் மாட்டியிருக்கான்னு பாரு. பிறகு ராமை உருவிப் பொன் நிறப் பல்லை பென்சில் ரப்பரால் தேய். இதை எட்டாம் வகுப்பில் நான் சொல்லாமலே தனியா செஞ்சவன் நீ, அன்னைக்கு கடைக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லித் தீர்த்தேன். பீப் சத்தம் நீளமா விட்டு விட்டு வந்தா ராம் சரியா உக்காரல. போர்டில் காசு மாதிரி இருக்க சிஆர் 2032 பேட்டரி 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தா மாத்து.

போர்டுதான் போச்சுன்னா அதுக்குக் காசு போடாதே. ஹார்டு டிஸ்கை மட்டும் பத்திரமா எடு. அது 3.5 இஞ்ச், வெறும் யுஎஸ்பி கேபிள் போதாது, 12 வோல்ட் அடாப்டரோட வர சாட்டா கேபிள் வேணும். மாட்டினதும் "ஃபார்மேட் செய்யவா"ன்னு கேட்டா "வேண்டாம்" கொடு. தாத்தாவோட பதினாறாம் நாளுக்கு அடிச்ச கார்டு அதில்தான் இருக்கு.

மக்களே, லேப்டாப்பை ஆபீஸில் திரும்ப வாங்கிட்டாங்கன்னாலும் சரி. அப்படி இல்லன்னாலும் சரி. வாடகை கொடுத்தாச்சா? ராத்திரி 2 மணிக்கு முழிச்சிருக்கவன் என்ன சாப்பிட்டான்? நாலு நாளா கடையில் ஒரு கல்யாணக் கார்டை மூணு தடவை பிழையா அடிச்சிட்டேன்.

மாசிக் கொடைக்கு வந்தப்போ, இந்த வேலை முடியல அம்மான்னு நீ சொன்ன. வேலையை விட்டுட்டு வீட்டுப் படி ஏறாதேன்னு நான் சொன்னேன். தெருவில் எல்லார்கிட்டயும் உன் சம்பளத்தைச் சொல்லி வச்சிருந்தேன், அந்தப் பயத்தில் வந்த பேச்சு. நீ பதில் பேசாமப் பையை எடுத்த. அப்பா அப்பவே சொன்னார், போய்க் கூப்பிடுன்னு. நான் கூப்பிடல. இத்தனை மாசமும் நீதான் பேசலன்னு சொல்லிட்டு இருந்தேன். தப்பு என்னோடது. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரல.

கடை மல்டிமீட்டரையும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையும் நாளைக்குப் பார்சல் போடுதேன். லேபிளில் 450 வாட்னு பெருசாப் போட்டிருக்கத நம்பி அங்கே எதையும் வாங்காதே, 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாக்கணும். நான் அனுப்பது 16, உன் மெஷினுக்கு அது தாராளம். கூட மட்டிப்பழமும் சிப்ஸும் இருக்கு, பழத்தை முதல்ல எடுத்துரு. அங்கே சரியாகலன்னா சிபியுவோட ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறு, நாகர்கோவிலுக்கு அப்பாவை அனுப்புதேன்.

மீட்டர் வந்ததும் ஊதா ஒயரில் எத்தனை வோல்ட்டுன்னு அனுப்பு. வேற ஒண்ணும் எழுத வேண்டாம், அந்த எண் மட்டும் போதும். ராத்திரி 2 மணின்னாலும் நான் முழிச்சிருப்பேன். பிளக்கைப் பிடுங்கிட்டுக் கையை வை.

அம்மை