பிளானிங் பெர்மிஷன் முடியப்போகிறதா? கையில் ஒரு வருடம் இருக்கும்போதே வாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் ஓர் அழைப்பு இது: "அண்ணை, பெர்மிஷன் அடுத்த மாதம் முடியுது. கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போட்டு இன்னும் ஒரு வருசம் நீட்டி எடுத்துத் தாங்கோ."

நீட்டி எடுக்க முடியாது. கவுன்சில் அதிகாரி நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம், அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. இங்கிலாந்தில் 2005 ஆகஸ்ட் 24 முதல், வீடு கட்டும் அனுமதிக்குப் பொதுவான கெடு மூன்று வருடம். அதற்கு முன் ஐந்தாக இருந்தது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இப்போதும் ஐந்துதான், அங்கே வீடு வைத்திருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம். நிபந்தனைகளை மாற்றக் கேட்கும், பிளானிங் சட்டத்தின் 73ஆம் பிரிவு விண்ணப்பத்தாலும் தொடங்கவேண்டிய நாளைத் தள்ளிவைக்க முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது.

"கொரோனா நேரம் நீட்டித் தந்தவைதானே?" என்று கேட்பீர்கள். உண்மை. 2020 மார்ச் 23க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் முடியவிருந்த அனுமதிகள் 2021 மே 1 வரை செல்லும் என்று அப்போது தனிச் சட்டம் வந்தது. அது அந்தக் காலத்தோடு போய்விட்டது.

சரி, என்ன செய்யலாம்? கெடுவுக்குள் வீட்டைக் கட்டி முடிக்கவேண்டும் என்பதில்லை, தொடங்கினால் போதும். பலருக்கு இது தெரியாது. அங்கீகரித்த வரைபடத்தில் காட்டிய இடத்தில் அத்திவாரத்துக்குக் குழி தோண்டுவது, நிலத்தடிக் குழாய் பதிப்பது, திட்டத்தில் அடங்கிய பழைய கட்டடத்தை இடிப்பது எல்லாம் தொடக்கமாகக் கணக்கில் வரும். முறையாகத் தொடங்கிய அனுமதி பிறகு தானாகச் சாவதில்லை. இழுத்தடித்தால் கவுன்சில், குறித்த நாளுக்குள் கட்டி முடிக்கச் சொல்லும் 'கம்ப்ளீஷன் நோட்டீஸ்' கொடுக்கலாம், அதிலும் குறைந்தது 12 மாத அவகாசம் தரவேண்டும்.

இவ்வளவுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கிவிடலாம் என்று நினைத்தால், அங்கேதான் ஆபத்து. உங்கள் டிசிஷன் நோட்டீஸை, அதாவது கவுன்சில் அனுமதி தந்த கடிதத்தை எடுத்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். "கட்டடத்தில் குடியேறுமுன்" என்று தொடங்குவது பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியது. "எந்த வேலையும் தொடங்குமுன்" என்று தொடங்குவதுதான் பொறி. மரங்களைச் சுற்றி வேலி, மழைநீர் வடிகால் விபரம், லொறி வந்துபோகும் திட்டம் போன்றவை அதில் இருக்கும். அவற்றுக்குக் கவுன்சிலின் எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் தோண்டிய குழி, பொதுவாகத் தொடக்கமாக எடுபடாது. 1992இல் விட்லி வழக்கில் வந்த தீர்ப்பு முதல் நீதிமன்றங்கள் அப்படித்தான் சொல்கின்றன. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்கினால் வக்கீலுக்குத்தான் வேலை.

எங்களிடம் வந்த ஒருவர் கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பே குழி வெட்டிக் கொங்கிறீட்டும் ஊற்றிவிட்டார். படங்கள் இருந்தன, பில்டரின் பற்றுச்சீட்டு இருந்தது, மரவேலி நிபந்தனைக்கு ஒப்புதல் மட்டும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து விண்ணப்பிக்கவேண்டி வந்தது. இதில் எங்கள் பக்கப் பிழையும் உண்டு: அந்த நாட்களில் டிசிஷன் நோட்டீஸை அனுப்பி வாழ்த்துச் சொல்வதோடு நிறுத்திவிடுவோம், கெடு நாளை நினைவூட்டியதில்லை.

நிபந்தனை ஒப்புதலுக்கு எட்டு வாரம் என்பது கணக்கு, நடைமுறையில் அதைத் தாண்டும். அதனால்தான் ஒரு வருடம் முன்பே வாருங்கள் என்கிறோம்.

இன்னொரு குழப்பம் பில்டிங் கொன்ட்ரோல், அதாவது கட்டுமானம் கட்டட விதிகளின்படி இருக்கிறதா என்று பார்ப்பது. அது வேறு அனுமதி, வேறு கெடு. 2023 அக்டோபர் 1 முதல் அதுவும் மூன்று வருடத்தில் தொடங்காவிட்டால் காலாவதியாகும். ஆனால் அங்கே 'தொடக்கம்' என்றால் வெறும் குழி அல்ல. சாதாரணப் புது வீட்டுக்கு அத்திவாரமும் தரைத்தள மட்டக் கட்டுமானமும் முடிந்திருக்கவேண்டும். ஒரே குழி பிளானிங்கைக் காப்பாற்றும், பில்டிங் கொன்ட்ரோலைக் காப்பாற்றாது.

புது வீடு கட்டுகிறவர்கள் 'சில்' (CIL) வரியையும், அதாவது ஊரின் பொது வசதிகளுக்காகப் புதுக் கட்டடங்களுக்குக் கவுன்சில் அறவிடும் வரியையும் பார்க்கவேண்டும். எல்லாக் கவுன்சிலிலும் அது இல்லை. இருக்கும் இடத்தில், தானே கட்டுவோர் விலக்கு மண்ணைத் தொடுமுன் கிடைத்திருக்கவேண்டும், தொடக்க அறிவித்தலும் முன்கூட்டியே போகவேண்டும். அறிவித்தலை மறந்தால் வரியின் 20 வீதம் அல்லது 2,500 பவுண், எது குறைவோ அது தண்டம். விலக்கையே எடுக்காமல் தொடங்கினால் முழு வரியும் தலையில்.

தொடங்க இப்போது பணமில்லையா? அது குற்றமில்லை, வட்டி வீதம் உயர்ந்தபின் பலருக்கும் அதே நிலைதான். அப்படியானால் பழைய அனுமதி உயிரோடு இருக்கும்போதே அதே திட்டத்துக்குப் புது விண்ணப்பம் போடுவோம். கையில் உயிருள்ள அனுமதி இருப்பதைக் கவுன்சில் கணக்கில் எடுத்தாகவேண்டும். காலாவதியான பிறகு அந்தப் பலம் வெகுவாகக் குறையும். ஆனாலும் இன்றைய விதிகள்தான் பார்க்கப்படும். 2024 ஏப்ரல் 2 முதல் சிறிய காணிகளுக்கும் வந்த பல்லுயிர்ப் பெருக்க விதி அப்படி ஒன்று: கட்டிய பிறகு இயற்கை வாழிடம் முன்பைவிட மேம்பட்டிருக்கவேண்டும் என்பது அது. அதற்கு முன் விண்ணப்பித்துப் பெற்ற புது வீட்டு அனுமதியை விட்டுவிட்டு மறுபடி விண்ணப்பித்தால், விலக்கு ஏதும் பொருந்தாவிட்டால், அதுவும் சேர்ந்து வரும். வீட்டு எக்ஸ்டென்ஷன்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை.

தொடங்கியவர்கள், குழியைத் தேதியோடு படம் எடுங்கள், அளவுநாடாவும் பக்கத்து வீட்டுச் சுவரும் தெரியும்படி. பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பார். முடிந்தால், வேலை முறையாகத் தொடங்கியது என்று கவுன்சில் உறுதிசெய்யும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வைப்பது இன்னும் நல்லது.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும்: டிசிஷன் நோட்டீஸின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். மூன்று வருடம் எண்ணுவது அதில் உள்ள தேதியிலிருந்து, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. கெடு நாளையும், முன் ஒப்புதல் தேவைப்படும் நிபந்தனைகளையும் குறித்து எழுதி அனுப்புகிறோம். பழைய வாடிக்கையாளர்களிடம் இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வரைபட அலுவலகத்தார்