சுவருக்குள் ஒளிந்திருக்கும் சேனல்

கொடைக்கானல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோத்தகிரியில் ஐப்பசி மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் துணி காயவில்லை. சமையலறை ஜிப்சம் போர்டு தடுப்பில் அலமாரி மாட்ட வாங்கிய ஸ்டட் ஃபைண்டர் (போர்டுக்குப் பின்னால் சட்டம் எங்கே என்று தேடும் மெஷின்) வைத்த இடத்திலெல்லாம் கத்துகிறது என்றாயே, அதில் பாதிக் குற்றம் மழையுடையது.

அந்த டப்பாவுக்கு மரமும் தெரியாது, போர்டைத் தாங்க உள்ளே நிற்கும் தகரச் சட்டமான சேனலும் தெரியாது. அடியில் இருக்கும் தகடு மின்தேக்கி மாதிரி வேலை செய்கிறது. போர்டுக்குப் பின்னால் வெறும் காற்று என்றால் ஓர் அளவு. கட்டையோ தகரமோ வந்தால் அளவு ஏறும். ஏறுவதைத்தான் விளக்கு காட்டுகிறது. ஈரம் ஏறிய போர்டும் அதே மாதிரிதான் காட்டும். அதனால் சுவர் நன்றாக உலரும் வரை மெஷினை எடுக்காதே. 9 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிடு. குளிரில் பழைய பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும்.

சுவரில் தட்டையாக வைத்து, பட்டனை அழுத்தியபடி பீப் வரும்வரை அசையாமல் பிடி. தெரியாமல் சேனல் மேலேயே வைத்துத் தொடங்கினால் அதையே வெறும் சுவர் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் எங்கே நகர்த்தினாலும் பேசாது. அப்படி ஆனால் ஒரு சாண் தள்ளி மறுபடி தொடங்கு. இன்னொரு கையைச் சுவரில் ஊன்றாதே, அதுவும் அளவைக் கெடுக்கும். சொரசொரப்பான பெயின்ட் என்றால் மெல்லிய அட்டை ஒன்றை ஒட்டி அதன்மேல் நகர்த்து.

விளக்கு எரியும் இடத்தில் பென்சில் கோடு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து இன்னொரு கோடு. ஜிஐ ஸ்டட் என்கிற இந்தச் சேனலில் போர்டைத் தொடும் முகம் சுமார் 35 மி.மீ.தான். தகரத்தை மெஷின் கொஞ்சம் அகலமாகவே காட்டும், 5 செ.மீ. வந்தாலும் பயப்படாதே. ஒரு சாண் அகலத்துக்கு வந்தால் ஈரம், அல்லது கதவு நிலை ஓரத்தில் போட்ட இரட்டைச் சேனல்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த வேலை. சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டு மெல்ல நகர்த்து. புட்டிக்கு அடியில் ஸ்க்ரூ தலை இருக்கும் இடத்தில் டக்கென்று ஒட்டும். மேலும் கீழுமாக ஒரே நேர்க்கோட்டில் நான்கைந்து இடத்தில் ஒட்டினால் அங்கே சேனல் ஓடுகிறது. மெஷினைவிட நான் இதையே நம்புவேன். அடுத்த சேனலை டேப் வைத்து 610 மி.மீ. தள்ளித் தேடு. வீடியோவில் சொல்லும் 16 அங்குலம் அமெரிக்க மரச்சட்ட வீடுகளின் கணக்கு.

துளை போடுமுன் அந்தச் சுவர்ப்பக்கத்து விளக்குகளைப் போட்டுவிட்டு ஒருமுறை மெஷினின் ஏசி எச்சரிக்கையை (கரன்ட் வயர் இருந்தால் காட்டும் விளக்கை) பார். சுவிட்சை அணைத்திருந்தால் அதற்கப்பால் போகும் வயரில் கரன்ட் இருக்காது, மெஷினும் கண்டுபிடிக்காது. இரும்புப் பைப்புக்குள் போகும் வயரையும் காட்டாது. எச்சரிக்கை வராததை நம்பி ட்ரில்லை எடுக்காதே. மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி ட்ரில்லில் மெல்லிய பிட் போட்டு ஒரு சோதனைத் துளை. போர்டைத் தாண்டியதும் தகரம் தடுக்க வேண்டும். சட்டென்று உள்ளே விழுந்தால் இடம் தவறு.

அலமாரியை நேரே சேனலில் தொங்கவிடாதே. 18 மி.மீ. ப்ளைவுட் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அது கடக்கும் ஒவ்வொரு சேனலிலும் இரண்டிரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதன்மேல் மாட்டு. பட்டை 18, போர்டு 12.5, ஆக 45 மி.மீ. ஸ்க்ரூ வேண்டும். 35 வாங்கினால் தகரத்தைப் பிடிக்க நுனி மட்டும்தான் மிஞ்சும். தகரம் மெல்லியது, தட்டும் மசாலா டப்பாவும் தாங்கும். பித்தளை அண்டாவை ஏற்றாதே.

கீசரையும் இதிலேயே மாட்டலாமா என்று கேட்டாய். வேண்டாம். 15 லிட்டரில் தண்ணீரே 15 கிலோ. பின்பக்கத்துப் பழைய கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டுக்கொள், ஆனால் கல்லில் துளைக்க வேண்டும், மண் சாந்து இணைப்பில் வேண்டாம், பிடிக்காது. அங்கே இந்த மெஷின் எதற்கும் உதவாது.

அலமாரியின் அகலமும் தடுப்பின் நீளமும் எழுதி அனுப்பு. பட்டை எத்தனை அடி வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

உன் மச்சான்